கூச்ச சுபாவமுள்ள மகள் சொராரிட்டியில் சேரலாமா?

நியூ ஜெர்சியில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். நான்கு பேர் கூடினால் வாய் திறக்கத் தயங்குகிற பெண். இப்போது சொராரிட்டி என்ற மாணவிகள் சங்கம் ஒன்றில் சேர வேண்டும் என்கிறாள். சேர்ந்தால் தலைமைப் பண்பு வளரும் என்று தோழிகள் சொல்கிறார்களாம். "எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்த கேளிக்கை வீடுகள்தான். பணம் கட்டிச் சேர்வதால் உண்மையிலேயே பயன் உண்டா? ஆபத்து உண்டா?" என்று கேட்கிறார்.

பயன் உண்டு. ஆனால் சேர்ந்த மாத்திரத்தில் அது வந்துவிடாது. ஒரு பொறுப்பை ஏற்று, ஓராண்டு அதைக் கைவிடாமல் சுமக்கிறவளுக்கே வரும். மாணவர் சங்கங்களுக்கு ஆலோசகராக இருந்து நான் கண்ட வரையில், கூச்சமுள்ள பெண்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

சொராரிட்டி என்பது மாணவிகளின் சங்கம். கிரேக்க எழுத்துகளில் பெயர், ஒரு தேசிய அமைப்பு, அதன் கீழ் கல்லூரிதோறும் கிளைகள். 1870-ல் இண்டியானா மாநிலத்தில் கப்பா ஆல்ஃபா தீட்டா தொடங்கியபோது அந்தக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏளனம் செய்த ஆண்களுக்கு நடுவே ஒருவருக்கொருவர் துணையாக நிற்கத்தான் அந்தப் பெண்கள் கூடினார்கள். இன்றும் கிளையின் அன்றாடக் காரியங்களை நடத்துவது மாணவிகளே. தலைவி, பொருளாளர், செயலாளர், புதிய உறுப்பினர் சேர்க்கைக்குப் பொறுப்பாளர், ஒழுங்குக் குழு என்று தேர்தல் நடத்திப் பதவிகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். முன்னாள் மாணவிகள் ஆலோசகர்களாக இருப்பார்கள்.

இவற்றில் பொருளாளர் பதவியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கற்றுக்கொடுப்பதில் அதற்கு ஈடான பதவி கிளையில் வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். வாராந்திரக் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நிதி திரட்டும் விழாவுக்குப் பெரிய மண்டபம் எடுக்கலாம் என்று ஒருத்தி தீர்மானம் கொண்டுவருகிறாள், இன்னொருத்தி வழிமொழிகிறாள். எல்லோருக்கும் உற்சாகம். பொருளாளர் எழுந்து, முன்பணம் கட்டக் கையில் காசில்லை, ஐந்து பேர் இன்னும் சந்தா செலுத்தவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஐந்து பேரில் ஒருத்தி அவளுடைய அறைத்தோழி. பெயரைச் சபையில் சொல்லக் கூடாது. அன்றிரவு அறைக்குப் போய்க் கேட்காமல் இருக்கவும் முடியாது. கேட்டால், அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று அவள் அழலாம். தவணையில் கட்ட விதியில் இடமிருக்கிறதா, தேசிய அமைப்பு உதவித்தொகை தருமா என்று தேடி, நட்பும் கெடாமல் கணக்கும் கெடாமல் இதை முடிக்க வேண்டும். பத்தொன்பது வயதில் இப்படி ஒரு சூழலை வகுப்பறை தராது. சம்பளம் கொடுத்து வேலை வாங்குகிற மேலாளருக்குக் கூட ஓர் அதிகாரம் இருக்கிறது. இவளுக்கு அதுவும் இல்லை, சமமானவர்கள் நடுவே நம்பிக்கையை மட்டும் வைத்துக் காரியம் நடத்துகிறாள்.

பேசத் தயங்கும் பெண்ணுக்கு உறுப்பினர் சேர்க்கை இன்னொரு நல்ல பயிற்சி. அந்த நாட்களில் முன்பின் தெரியாத மாணவிகளிடம் ஒருவர் மாற்றி ஒருவராகச் சில நிமிடங்கள் பேச வேண்டும். கேள்வி கேட்பது, காது கொடுத்துக் கேட்பது, அடுத்தவரிடம் அறிமுகப்படுத்திவிட்டு விலகுவது, இவை எல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

சங்கம் பொறுப்பைக் கையில் கொடுத்து வளர்க்கும் என்பதற்கு வரலாற்றில் அழகான ஓர் உதாரணம் உண்டு. வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-ல் கறுப்பின மாணவிகள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். பொதுப் பிரச்சினைகளில் இன்னும் தீவிரமாக இறங்க விரும்பிய 22 மாணவிகள் அதிலிருந்து பிரிந்து, 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டாவை நிறுவினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 3 அன்று பெண்கள் வாக்குரிமைக்காக வாஷிங்டனில் நடந்த பேரணியில் அவர்கள் நடந்தார்கள். சங்கம் அவர்களுக்கு உடனே ஒரு வேலையைக் கொடுத்தது.

நம்மவர்கள் அடிக்கடி கமலா ஹாரிஸைச் சுட்டிக்காட்டுகிறார்கள். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான அவர் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா உறுப்பினர்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் அதில் சேர்ந்தது 1986-ல், ஹோவர்டில் படிப்பை முடித்த அதே ஆண்டில். மாணவர் பேரவையில் முதலாண்டுப் பிரதிநிதியாகத் தேர்வானதும், விவாதக் குழுவில் பேசியதும் அதற்கு முன்பே நடந்தவை. சொராரிட்டி அவருக்குத் தந்தது வாழ்நாள் முழுவதும் உடன் நிற்கும் ஒரு பெரிய பெண்கள் கூட்டத்தை. அதுவும் சிறிய சொத்தல்ல. எனவே உங்கள் மகள் முதலாண்டிலேயே அவசரப்பட வேண்டியதில்லை.

எதில் சேர்வது? பெரிய பழைய அமைப்புகளின் கிளைகளில் நூறு, இருநூறு பேர் இருப்பார்கள். தென் மாநிலங்களில் அதற்கும் மேல். அங்கே பதவிக்குப் போட்டி கடுமை, ஒதுங்கிப்போகும் பெண் நான்கு ஆண்டும் ஒதுங்கியே இருந்துவிடலாம். தெற்காசியப் பெண்களை மையமாகக் கொண்ட அமைப்புகளும் உண்டு. நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிக்மா சிக்மா ரோ, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா இரண்டுமே 1998-ல் பிறந்தவை. இத்தகைய கிளைகள் பெரும்பாலும் சிறியவை. ஆள் குறைவு என்பதால் எல்லோர் தலையிலும் ஒரு பொறுப்பு விழும். உங்கள் மகளுக்கு நான் சிறிய கிளையைத்தான் சொல்வேன், அது எந்த அமைப்பைச் சேர்ந்ததாக இருந்தாலும் சரி.

இந்தச் சங்கங்களின் இருண்ட பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அலபாமா பல்கலைக்கழகத்தில், வெள்ளையர்களுக்கே என்பதுபோல் நடந்துவந்த சொராரிட்டிகள் கறுப்பின மாணவி ஒருவரை நிராகரித்தது 2013-ல் அம்பலமானது. அந்த நிராகரிப்புக்குப் பின்னால் இருந்த முன்னாள் உறுப்பினர்களின் தலையீட்டை மாணவர் பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொன்னவர்கள் அந்தச் சங்கங்களுக்குள் இருந்த மாணவிகளே. பல்கலைக்கழகம் சேர்க்கையை மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று. தன் கூட்டத்தையே எதிர்த்து எழுந்து நிற்கும் அந்தத் துணிவைத்தான் நான் தலைமை என்பேன். பெரியவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் பெண்ணாக மகள் வளர்ந்திருந்தால், இதைப் பற்றி அவளிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

செலவு கிளைக்குக் கிளை மாறும். சந்தா மட்டும் என்றால் ஒரு பருவத்துக்குச் சில நூறு டாலர். சங்க வீட்டில் தங்கிச் சாப்பிட்டால் சில ஆயிரம் டாலர். உடை, படம், விழா என்று மேற்செலவும் வரும். எல்லாக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கூடவே மகள் கேட்க வேண்டிய கேள்விகள்: இரண்டாம் ஆண்டு மாணவிகள் யாராவது பதவியில் இருக்கிறார்களா? தேர்தல் எப்போது? சென்ற ஆண்டு எத்தனை பேர் விலகினார்கள், ஏன்? கடைசிக் கேள்விக்கு முகம் மாறினால் அந்தக் கிளை வேண்டாம்.

ஆபத்து என்று நீங்கள் கேட்டது ராகிங் பற்றி என்றால், அந்தப் பயம் நியாயமானதே. கட்டாயமாகக் குடிக்கவைத்தல், தூங்கவிடாமை, வீட்டாரிடம் மறைக்கச் சொல்லுதல், இவற்றில் ஒன்று நடந்தாலும் அன்றே வெளியேறிப் பல்கலைக்கழகத்தில் புகார் தர வேண்டும். உறுதிமொழி எடுத்துவிட்டோமே என்ற தயக்கமே வேண்டாம். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ராகிங் செய்ததாக நிரூபணமான சங்கங்களின் பெயர்களைக் கல்லூரிகள் பொது அறிக்கையாக வெளியிட வேண்டும். ஆண்டுக்கு இருமுறையாவது அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். மகளின் கல்லூரி இணையதளத்தில் அந்த அறிக்கையைத் தேடி, அவள் மனதில் வைத்திருக்கும் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். பெயர் இல்லையென்றால் பணம் கட்டும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.