சரவாக் காட்டாற்றங்கரையில் வீடும் நிலமும் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மழைக்காட்டுக்குள், ஆற்றை விட்டால் வேறு வழியில்லாத ஊர்களில் வாழ்பவர்களுக்குச் சொத்து என்று ஏதாவது உண்டா? பட்டா இருக்குமா? நம்மைப் போன்றவர்கள் அங்கே இடம் வாங்க முடியுமா?

உண்டு. நன்றாகவே உண்டு. பட்டணத்தில் நமக்கு இருப்பதைவிட நுணுக்கமான சொத்துக் கணக்கு அவர்களிடம் இருக்கிறது, காகிதம்தான் பெரும்பாலும் இல்லை. நான் மலேசியத் தீபகற்பத்தின் பேராக் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவன். ஆசிரியர் வேலைக்காக, போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலமான சரவாக்கில், காபிட் பட்டணத்துக்கு மேலே ஒரு கிளையாற்றங்கரைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டுச் சில ஆண்டுகள் இருந்தேன். அது இபான் என்ற பூர்வீக மக்களின் ஊர். அவர்களை வைத்துத்தான் சொல்கிறேன், அமேசானிலோ காங்கோவிலோ வழக்கம் வேறாக இருக்கலாம்.

சிபுவிலிருந்து ராஜாங் ஆற்றில் எக்ஸ்பிரஸ் படகு பிடித்துத்தான் முன்பெல்லாம் காபிட் போக வேண்டும். இப்போது காபிட் வரை சாலை வந்துவிட்டது. அதற்கு மேல் பல இடங்களில் இன்னும் நீளப்படகுதான், மழை பெய்யாத வாரங்களில் தண்ணீர் வற்றிப்போய்க் கற்களுக்கு நடுவே எல்லோரும் இறங்கிப் படகைத் தள்ள வேண்டியிருக்கும். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பெட்ரோல் எல்லாம் அப்படியே வருவதால் ஆற்றில் மேலே போகப் போக விலையும் ஏறும். பிள்ளைகள் வாரம் முழுக்கப் பள்ளி விடுதியில் இருப்பார்கள், வெள்ளிக்கிழமையானால் பெற்றோர் படகோடு துறையில் வந்து நிற்பார்கள்.

வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரூமா பாஞ்சாய் என்கிற நீண்ட வீட்டைப் படத்தில் பார்த்தவர்கள் ஊரே பொதுவில் கட்டிய கூட்டுக் குடியிருப்பு என்று நினைப்பார்கள். வெளியே பார்க்க நம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயம் மாதிரிதான் இருக்கும், வரிசையாகக் கதவுகள், ஒரே கூரை. ஆனால் லயம் துரையுடையது. என் தாத்தா ஆயுள் முழுக்கப் பால்மரம் வெட்டியும் அங்கே ஒரு கதவுகூட எங்களுக்குச் சொந்தமில்லை, தோட்டம் கைமாறியதும் மூட்டை கட்டினோம். இங்கே அப்படியில்லை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னால் இருக்கும் பிலிக் என்கிற பகுதி ஒரு குடும்பத்தின் முழுச் சொத்து, அவர்களே கட்டி அவர்களே பழுது பார்ப்பது. முன்னால் நீளமாக ஓடும் ருவாய் என்ற திண்ணையில்கூட, தன் கதவுக்கு நேரே இருக்கும் துண்டு அந்தந்தக் குடும்பத்துடையதுதான். ஆனால் யார் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம், பாய் பின்னலாம், படுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வாரிசு விஷயத்தில் எனக்குப் பிடித்தது, மகன் மகள் வித்தியாசம் இல்லாததுதான். தத்தெடுத்த பிள்ளைக்கும் அதே உரிமை. கல்யாணமானபின் யார் பிலிக்கில் தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொண்டு நிலத்தில் உழைக்கிறார்களோ அவர்கள்தான் அதைத் தொடர்கிறார்கள். வேறு வீட்டுக்கு வாழப் போனவர் அந்த வீட்டு உரிமைக்குள் போய்விடுகிறார். தஜாவ் என்கிற பழைய ஜாடிகள், கோங்கு என்கிற வெண்கல இசைத் தட்டுகள், அந்தக் குடும்பத்துக்கே உரிய விதைநெல், இவையெல்லாம் பிலிக்கோடு சேர்ந்த சொத்து.

பயம் என்றால் தீதான். மரவீடு, ஒரே கூரை, ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை வரை போய்விடும். பக்கத்து ஆற்றில் அப்படி எரிந்த வீட்டுக்கு உதவிப் பொருள் கொண்டுபோனோம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஜாடிகள் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் துவாய் ரூமா, அதாவது வீட்டுத் தலைவர், கரிந்த தூண்களுக்குப் பக்கத்திலேயே நின்று எந்தக் கதவு யாருடையது, அதற்கு அடுத்தது யார், எந்தப் பிள்ளை எந்தப் பிலிக்கைச் சேர்ந்தது என்று ஒரு மூச்சில் சொல்லிக்கொண்டே போனார், நாங்கள் எழுதினோம். கூட நின்றவர்கள் ஒருவர்கூட மறுக்கவில்லை.

நிலமும் அப்படித்தான் நினைவில் நிற்கிறது. கன்னிக்காட்டை முதலில் வெட்டி மலைநெல் விதைத்த குடும்பத்துக்கு அந்த இடம் சொந்தம், ஓரிரு அறுவடைக்குப் பிறகு பல வருடம் சும்மா போட்டுவைத்தாலும் உரிமை போகாது. வெளியாள் கண்ணுக்கு அது வெறும் புதர். ஓடையும் மலைமுகடும்தான் எல்லை. முன்பு வீடு இருந்து விட்டுவந்த இடத்துக்குத் தெம்பாவாய் என்று பேர், டுரியான் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும். நட்டவரின் வழிவந்த எல்லோருக்கும் அதில் உரிமை உண்டு. பருவத்தில் அடியில் சின்னக் குடிசை போட்டு இரவெல்லாம் காத்திருப்பார்கள், தொப்பென்று சத்தம் கேட்டதும் டார்ச்சோடு ஓடுவார்கள், பங்காளிகளில் எடுத்தவருக்கே பழம்.

இதற்கெல்லாம் அப்பால் வேண்டுமென்றே வெட்டாமல் விட்ட காடு ஒன்று இருக்கும், பூலாவ் காலாவ் என்பார்கள். வீட்டுக்கும் படகுக்கும் மரம், பிரம்பு, தேன், வேட்டை, குடிதண்ணீர் எல்லாம் அங்கிருந்துதான். தகராறே இங்குதான் வருகிறது.

சரவாக் நிலச் சட்டம் 1958 ஜனவரி 1-ஆம் தேதியை ஒரு கோடாகப் போட்டு வைத்திருக்கிறது. அதற்கு முன்பே காட்டைத் திருத்தியது, பழமரம் நட்டது, பயிரிட்டது, இடுகாடாக வைத்திருந்தது என்று நிரூபித்தால் மரபுரிமை ஏற்கப்படும். ஆதாரம் கேட்டால் பழைய வான்வழிப் புகைப்படங்கள்தான். வெட்டிய இடம் படத்தில் தெரியும். பாதுகாத்த காடு எப்படித் தெரியும்? 2016 டிசம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், பூலாவ் காலாவுக்கும் ஊரின் மொத்த எல்லையான பெமாகாய் மெனோவாவுக்கும் சரவாக்கில் சட்ட வலு இல்லை என்று தீர்ப்பளித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி 2018-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 500 ஹெக்டேர் வரை ஓர் ஊரின் மரபு எல்லையாகக் கோரலாம், தேவைப்பட்டால் அதை 1000 வரை உயர்த்தலாம். ஒன்றுமில்லாததற்கு இது மேல்தான். ஆனாலும் காட்டை அழித்தவனுக்கு முழு உரிமை, காப்பாற்றியவனுக்கு அளவு வைத்து உரிமை என்பது எனக்கு இன்றுவரை அநியாயமாகத்தான் படுகிறது.

வரைபடம் போடுவதிலும் இதே கதை. 2001-இல் பிந்துலு பக்கம் ரூமா நோர் என்ற நீண்ட வீட்டு மக்கள் நில உரிமை வழக்கில் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தபோது, ஊர்க்காரர்களே வரைந்த வரைபடம் முக்கியமான சாட்சியாக இருந்தது. அதே ஆண்டிலேயே உரிமம் பெற்ற அளவையாளர் தவிர மற்றவர்கள் நில எல்லை வரைவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2005-இல் மேல்முறையீட்டில் ஆதாரம் போதாதென்று அந்த வெற்றியும் போனது. 2010-லிருந்து அரசே அளந்து கொடுக்கிறது, அதனால் காகிதம் கிடைத்த குடும்பங்களும் இருக்கின்றன.

இடமே போய்விட்டால் என்ன கிடைக்கும் என்றால் பாக்கூன் அணையைப் பாருங்கள். 1998-99-இல் சுமார் 10,000 பேரை, பெரும்பாலும் கென்யா, காயான் என்ற சரவாக் பூர்வீக இனத்தவரை, சுங்கை ஆசாப்புக்கு மாற்றினார்கள். குடும்பத்துக்கு 3 ஏக்கர். சுழற்சி முறையில் பயிர் செய்து, மற்ற நிலத்தை வருடக்கணக்கில் ஆறப்போடுகிறவர்களுக்கு 3 ஏக்கர் எத்தனை நாளைக்கு வரும்?

கடைசியாக, இடம் வாங்க முடியுமா? முடியாது. மரபுரிமை நிலம் சரவாக் பூர்வீக மக்களுக்கு மட்டும்தான். தீபகற்பத்திலிருந்து போகும் மலேசியக் குடிமக்களே அங்கே குடிநுழைவில் அட்டை காட்டித்தான் உள்ளே போக வேண்டும், வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். உள்ளூர்க்காரர் பேரில் வாங்கித் தருகிறோம் என்று எந்த ஏஜெண்ட் வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள், அந்த நிலத்தில் உங்களுக்கு எந்த உரிமையும் வராது, பேர் கொடுத்த குடும்பத்துக்கும் ஊருக்குள் சண்டைதான் மிஞ்சும்.