அடையாளம் காட்டப் போகும் முன்: சாட்சியும் நினைவும், கேள்வி பதில்

கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வடசென்னை நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில். சட்ட ஆலோசனை என் வேலை இல்லை.

கே (தண்டையார்பேட்டை): கத்தியைக் காட்டி அம்மாவின் செயினை அறுத்துவிட்டார்கள் சார். முகமே ஞாபகம் இல்லை என்கிறார்.

ப: கத்தியைக் கண்டால் கண் அதிலேயே நின்றுவிடும். இது இயல்புதான். "சிவப்புச் சட்டைதானே?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள், நாளைக்கு அவர் நினைவில் நிஜமாகவே சிவப்புச் சட்டை இருக்கும். அமைதியாக உட்கார வையுங்கள். வீட்டிலிருந்து கிளம்பியது, வெயில், சத்தம், கையிலிருந்த பை என்று அற்பமானதையும் விடாமல் அவர் போக்கில் சொல்லட்டும். பிறகு ஒருமுறை கடைசியிலிருந்து பின்னோக்கி. 1980-களில் ஃபிஷர், கைசல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் விசாரணைக்காக வகுத்த முறை இது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லட்டும். தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். அப்புறம், வாட்ஸ்அப் குரூப்பில் வரும் 'இவன்தான் திருடன்' படத்தை அவரிடம் காட்டவே காட்டாதீர்கள்.

கே (பெரம்பூர்): கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய்யன்தானே?

ப: இல்லை. பொய்யைப் பிரித்தறிவதில் மனிதர்களின் சராசரி சுமார் 54 சதவீதம். காசைச் சுண்டினாலே 50.

கே (மூலக்கடை): நார்கோ டெஸ்ட் எடுத்தால் உண்மை வந்துவிடாதா?

ப: சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாதென்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருந்து மயக்கத்தில் கற்பனையும் சேர்ந்துதான் வரும்.

கே (காசிமேடு): எஃப்.ஐ.ஆர். போட மாட்டேன் என்கிறார்கள்.

ப: வக்கீலைப் பாருங்கள்; வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு.

கே (வியாசர்பாடி): வாட்ஸ்அப்பில் வரும் திருடன் படத்தைப் பார்த்தால் என்ன சார்? ஒருமுறை பார்த்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ப: அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 1984-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், தன்னைத் தாக்கியவனின் முகத்தை வேண்டுமென்றே மனதில் பதித்துக்கொண்டார் ஒரு மாணவி. போலீஸ் காட்டிய படங்களில் தயங்கித் தயங்கித்தான் ஒன்றைத் தொட்டார். சரியாகக் காட்டினீர்கள் என்ற மாதிரி பதில் கிடைத்ததும் தயக்கம் போய்விட்டது. கோர்ட்டில் அடித்துச் சொன்னார். பிறகு உண்மைக் குற்றவாளியையே எதிரில் நிறுத்தியபோது, பார்த்ததே இல்லை என்றார். ரொனால்ட் காட்டன் என்ற நிரபராதி 10 வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 1995-ல் டிஎன்ஏ சோதனைதான் வெளியே கொண்டுவந்தது.

கே (அவரே): அது அமெரிக்கா. இங்கே மாஜிஸ்திரேட் முன்னால்தானே அடையாள அணிவகுப்பு?

ப: சரி, சந்தேக நபரைப் பலரோடு வரிசையில் நிறுத்திக் காட்டச் சொல்வதை மாஜிஸ்திரேட்டே நடத்தட்டும். நீங்கள் காட்டுவது தெருவில் பார்த்த முகமா, போனில் பார்த்த முகமா? அது உங்களுக்கே தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பதும் அங்கேதான்.

கே (ராயபுரம்): அப்போ உறுதியாகச் சொல்லும் சாட்சியை நம்பவே கூடாதா?

ப: நம்பலாம். யாரும் எடுத்துக் கொடுக்காமல், முதல்முறை காட்டும்போது வரும் உறுதிக்கு நல்ல மதிப்பு உண்டு. அதை அப்போதே அவர் சொன்ன வார்த்தையிலேயே பதிவு செய்ய வேண்டும். வருடங்கள் கழித்துக் கூண்டில் வரும் உறுதியில் யார் யார் பேச்சு கலந்திருக்கிறதோ!

நார்கோ பற்றி மறுபடி கேட்டவர்கள் மேலே படிக்கவும்.

கே (கொருக்குப்பேட்டை): எங்கள் தெரு குரூப்பில் ஒருத்தன் போட்டோ சுற்றுகிறது. தண்டையார்பேட்டை அம்மாவுக்கு அனுப்பட்டுமா?

ப: ஐயா, ஸ்டேஷனில் கொடுங்கள்.