அம்மா முகத்தில் ஏன் கரி பூசியதுபோல் ஆகிறது?

கேள்வி: முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்த அம்மாவை செல்போனில் படமெடுத்து, அதைப் பார்த்து ஆயில் பெயின்டில் வரைந்தேன். பென்சிலில் சாயல் அப்படியே வந்துவிட்டது. பெயின்ட் போட்டதும் முகத்தில் பாதி கரி பூசியதுபோல் ஆகிவிட்டது. சதை நிறம் என்றே தனி டியூப் விற்கிறார்களாமே, வாங்கினால் சரியாகுமா?
- கும்பகோணம் வாசகி

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் ஒரு வெளிறிய ரோஸ், நம் ஊர் அம்மாக்கள் யார் கன்னத்துக்கும் ஒட்டாது. நிழல் பக்கத்துக்குக் கறுப்பு கலந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுவும் உங்கள் தப்பில்லை. வெயிலில் எடுத்த படத்தில் நிழல் இருண்டு, உள்ளே இருக்கிற நிறமெல்லாம் தொலைந்துபோயிருக்கும். அம்மாவை மறுபடி அதே இடத்தில் உட்காரவைத்து நேரில் பாருங்கள். வெளியில் நிழலுக்கும் வெளிச்சம் வருகிறது, மேலே வானத்திலிருந்தும் கீழே தரையிலிருந்தும். நிழல் பக்கத்தில் நெற்றி, கன்னத்தின் மேல்பக்கம் என்று வானம் பார்க்கிற இடங்களில் லேசாக நீலம் ஏறும், தாடைக்கு அடியில் தரையின் நிறம் ஏறும், செம்மண் தரையானால் காவி. பச்சைச் சேலை என்றால் கழுத்தில்கூட பச்சை தெரியும். கறுப்பு டியூபைக் கொஞ்ச நாள் ஒளித்து வையுங்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்தாலே நல்ல இருட்டு கிடைக்கும், உயிருள்ள இருட்டு.

அப்புறம், சாயலைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். சார்ல்ஸ் ஹாதோர்ன் என்ற ஓவியர் 1899இல் அமெரிக்காவில் பிராவின்ஸ்டவுன் என்ற கடலோர ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார். கடற்கரை வெயிலில் ஆளை நிறுத்திவிட்டு, மாணவர்கள் கையில் தூரிகைக்குப் பதிலாக பட்டி பார்க்கிற கத்தியைக் கொடுத்துவிடுவார். அதை வைத்துக்கொண்டு கண் இமை வரைய முடியுமா? வெயில் பட்ட பக்கம் ஒரு திட்டு, நிழல் பக்கம் ஒரு திட்டு, பின்னால் கடல் ஒரு திட்டு, அவ்வளவுதான். முகம் ஒரே கட்டியாக வந்ததால் அந்தப் படங்களுக்கு ‘மண் தலைகள்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. நீங்களும் சின்ன அட்டைகளில் ஒரு பத்து மண் தலை போடுங்கள், ஒன்றுக்கு அரைமணி நேரம் போதும். அதற்குமேல் உட்கார்ந்தால் சூரியன் நகர்ந்து மூக்கு நிழல் வேறெங்கோ போயிருக்கும். அதைத் துரத்திக்கொண்டே போய்த்தான் நிறைய படங்கள் கெடுகின்றன. ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1885இல் இங்கிலாந்தில் ஒரு தோட்டத்தில், காகித விளக்கேற்றும் இரண்டு சிறுமிகளை அந்தி வெளிச்சத்தில் வரையத் தொடங்கினார். அந்த வெளிச்சம் தினமும் சில நிமிடங்கள்தான் நிற்கும் என்பதால் அந்தச் சில நிமிடம் மட்டும் வரைந்தார், படம் முடிய அடுத்த ஆண்டாகிவிட்டது.

கேன்வாஸையும் நிழலில் வையுங்கள். அதன்மேல் வெயில் பட்டால் எல்லா நிறமும் பளிச்சென்று தெரியும், நம் கை தானாக இருட்டாகக் கலக்கும். நான் அப்படி வரைந்த முதல் படத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது ராத்திரியில் வரைந்ததா என்று கேட்டார்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் ஆயில் பெயின்ட் காயவே மாட்டேன் என்கிறது. டர்பன்டைன் அதிகம் ஊற்றலாமா?
- சிவகாசி வாசகர்

பதில்: முதல் பூச்சில் ஊற்றலாம், மேலே போகப் போக குறைத்துவிடுங்கள். ஆயில் பெயின்டில் இருக்கிற ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் கெட்டியாகிறது. அதனால் டர்பன்டைன் கலந்து எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, எண்ணெய் கூடிய பூச்சு மேலே. மாற்றிப் போட்டால் மேல்பூச்சு வெடிப்பு விடும். அவசரமென்றால் அடிப்பூச்சுக்கு அம்பர் வகைப் பழுப்பு போடுங்கள், சீக்கிரம் காயும். தூரிகை துடைத்த எண்ணெய்த் துணியை மட்டும் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.