பசையும் ஆணியும் வேண்டாத டா வின்சி பாலம்

கேள்வி: மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. லியனார்டோ டா வின்சி என்றால் மோனலிசா வரைந்தவர் என்ற அளவில்தான் இருவருக்கும் தெரியும். அவருடைய கண்டுபிடிப்புகளை வீட்டிலேயே செய்துகாட்ட எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: பாலத்திலிருந்து தொடங்குங்கள். அவர் வரைந்த திருகு வடிவப் பறக்கும் பொறியைத்தான் பலரும் முதலில் எடுப்பார்கள். ஆனால் அது பறந்திருக்காது. அதைத் தூக்கும் வலு மனிதத் தசைக்குக் கிடையாது. பாலமோ கையில் செய்தாலே நிற்கும். 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்திலேயே, சுலபமாகத் தூக்கிப்போகக்கூடிய லேசான, உறுதியான பாலங்கள் கட்டத் தெரியும் என்கிறார்.

15 செ.மீ. நீளமுள்ள அகலமான ஐஸ் குச்சிகள் ஒன்பது போதும். இரண்டு குச்சிகளை 9 செ.மீ. இடைவெளி விட்டு நெடுக்காக வையுங்கள். இரண்டின் நட்டநடுவில், மேலே ஒரு குறுக்குக் குச்சி. அடுத்த ஜோடியை வலப்பக்கம், முதல் ஜோடிக்குச் சற்று உள்ளே தள்ளி வைத்து, அதன் உள்முனைகளை அந்தக் குறுக்குக் குச்சிமேல் ஏற்றுங்கள். இனி முக்கியமான இடம்: இரண்டாவது குறுக்குக் குச்சி முதல் ஜோடியின் முனைகளுக்கு அடியிலும், புது ஜோடியின் நடுப்பகுதிக்கு மேலேயும் போகவேண்டும். மகள் முனைகளைத் தூக்கிப் பிடிக்கட்டும், நீங்கள் செருகுங்கள். இடப்பக்கமும் இதே மாதிரி. அந்த ஜோடி இன்னும் கொஞ்சம் உள்ளே. பாலம் ஏறக்குறைய 30 செ.மீ. நீளம் வரும். நீட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் மூன்று குச்சிகள்.

குறுக்குக் குச்சி இரண்டு ஜோடிக்கும் மேலேயே போய்விட்டால் பிணைப்பு விழாது, வெறும் குவியல்தான். நடுவிலிருந்து விலகினால் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். வழவழப்பான டைல்ஸில் கால்கள் விரிந்து சரியும். ரப்பர் பாய் விரியுங்கள். குச்சியின் கனம் 2 மி.மீ. என்றால் வளைவு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலேதான் எழும், பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும். குறுக்குக்கு இரண்டிரண்டு குச்சிகளாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டால் உயரம் ஒன்றரை மடங்காகும், பிடிமானமும் கூடும். முடிந்ததும் நடுவில் மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள்: இறுகும். அடியிலிருந்து தூக்கினால் கலைந்துவிடும். ஏன் என்று அவளே யோசிக்கட்டும். அதன்பிறகு லியனார்டோ வரைந்த பாலத்தின் மூலப்படத்தைக் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் பார்த்துச் செய்வதோடு நின்றுவிடும்.

ஐந்து வயது விரல்களுக்கு இது கஷ்டம். மகனுக்கு, லியனார்டோ 1485 வாக்கில் வரைந்த பிரமிடு வடிவப் பாராசூட். அடி 20 செ.மீ., உயரம் 22.4 செ.மீ. கொண்ட நான்கு செய்தித்தாள் முக்கோணங்களை ஒட்டினால் 20 செ.மீ. உயரப் பிரமிடு கிடைக்கும். அடி விளிம்பில் நான்கு ஈர்க்குகளை ஒட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் விழும்போது வாய் மூடிக்கொள்ளும். நான்கு மூலைக்கும் 40 செ.மீ. நூல், கீழே சின்னக் களிமண் உருண்டை. லியனார்டோ அகலமும் உயரமும் ஏறக்குறைய 7 மீட்டர் என்று குறித்திருந்தார். 2000-ஆம் ஆண்டு ஏட்ரியன் நிக்கலஸ் என்ற பிரிட்டிஷ் பாராசூட் வீரர் தென்னாப்பிரிக்காவில் அப்படியொன்றில் இறங்கி, தரையை நெருங்கும்போது மட்டும் நவீன பாராசூட்டுக்கு மாறினார். மகனுடையது நேராக இறங்கியபின் ஒரு நூலை மட்டும் 5 செ.மீ. குறைத்து மறுபடி விடுங்கள்; எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவன் சொல்லட்டும்.