கீதையில் இல்லாத ஆறுதல்

கேள்வி: மண்சரிவில் பாதித் தேயிலைத் தோட்டத்தை இழந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது" என்று கீதையைச் சொல்லி ஆறுதல் கூறினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கீதை கூடவா மனத்தைத் தேற்றாது?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: நீங்கள் சொன்னது கீதையே அல்ல. பதினெட்டு அத்தியாயங்கள், 700 சுலோகங்கள் எதிலும் அந்த வரி கிடையாது. கண்ணன் படத்துக்குக் கீழே அச்சிட்டு டீக்கடைதோறும் மாட்டியதால் அது அவன் வாக்காகிவிடாது.

நடந்ததெல்லாம் நன்றாகவே நடந்தது என்றால், பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்ததும் நன்றாகவே நடந்ததா? பிறகு கண்ணன் எதற்காகத் தேரோட்ட வந்தான்? வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவனிடம் இரண்டாம் அத்தியாயத்தில் "எழுந்திரு" என்கிறான். விசுவரூபம் காட்டிய பிறகும் அதையேதான் சொல்கிறான். 2009 நவம்பரில் இதே நீலகிரியில் மண்சரிவுகள் 40க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. அது நன்றாக நடந்தது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அப்படிச் சொல்லிவிட்டால், சரிவை வெட்டியது யார், தண்ணீர் போகும் வழியை அடைத்தது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. அந்தப் படத்தின் மீது எனக்குள்ள கோபம் இதுதான்.

"வருந்தத் தகாதவர்களுக்காக வருந்துகிறாய்" என்று கண்ணன் சொன்னது உண்மை. ஆனால் எப்போது சொன்னான்? "நான் உன் சீடன், எனக்கு வழி காட்டு" என்று அர்ஜுனன் சரணடைந்த பிறகு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் உபதேசம் கேட்டாரா? கேட்க விரும்பாதவனுக்கு இதைச் சொல்லாதே என்று கீதையின் கடைசி அத்தியாயமே தடுக்கிறது.

ஆறாம் அத்தியாயத்தின் 32ஆம் சுலோகத்தைப் படியுங்கள். பிறருடைய இன்பத்தையும் துன்பத்தையும் தன்னுடையதைப் போலவே காண்பவன்தான் மேலான யோகி என்கிறது. சரிந்தது உங்கள் தோட்டமாக இருந்தால் அந்த வரி உங்களைத் தேற்றியிருக்குமா?

மறுபடி அவர் வீட்டுக்குப் போங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். நிவாரண மனு எழுத வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள், கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கக் கூடவே போங்கள். மிஞ்சிய பாதியில் கொழுந்து முற்றுவதற்குள் பறிக்க ஆள் வேண்டும். அடுத்த மழைக்குள் வடிகாலையும் வெட்டியாக வேண்டும்.