கழுத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று ஏன்?

கேள்வி: போன மாதம் என் மகளுக்குத் தைராய்டு ஸ்கேனும் எனக்குக் கல்லீரல் ஸ்கேனும் ஒரே இயந்திரத்தில் எடுத்தார்கள். அவள் கழுத்தில் வைத்தது தட்டையான புரோப். படம் அத்தனை துல்லியம். எனக்கு வளைந்த முகமுள்ள வேறொன்றை வைத்தார்கள், படம் மங்கல்தான். அந்த நல்ல புரோப்பையே எனக்கும் வைத்தால் என்ன, ஐயா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: வைத்துப் பார்த்தவன் நான், அம்மா. புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பருத்த உடம்புக்காரர் ஒருவரின் வயிற்றில் கழுத்து புரோப்பை மாற்றாமலே வைத்துவிட்டேன். தோல், கொழுப்பு, தசை எல்லாம் அடுக்கடுக்காக அழகாகத் தெரிந்தன. ஐந்தாறு சென்டிமீட்டருக்குக் கீழே ஒரே இருட்டு. ஜெல் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் பிதுக்கினேன். அவர் குளிரில் நெளிந்தாரே தவிர, கல்லீரல் வரவில்லை.

புரோப் உடம்புக்குள் ஒலியை அனுப்பும்; திரும்பிவரும் எதிரொலிதான் படமாகிறது. மென்திசுவில் (தசை, கல்லீரல் போன்றவை) அந்த ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் போகிறது. எந்த புரோப்பானாலும் இந்த வேகம் மாறாது. ஆகவே அதிர்வெண் எத்தனை மடங்கு ஏறுகிறதோ அத்தனை மடங்கு அலைநீளம் குறையும்: வயிற்று புரோப்பின் 3.5 மெகாஹெர்ட்ஸில் (விநாடிக்கு 35 லட்சம் அதிர்வுகள்) 0.44 மில்லிமீட்டர், கழுத்து புரோப்பின் 10 மெகாஹெர்ட்ஸில் 0.15. அலை சிறுத்தால் நுணுக்கம் கூடும். உங்கள் மகளின் படம் தெளிந்தது அதனால்தான்.

ஆனால் திசு ஒலியைத் தின்னும். ஒரு மெகாஹெர்ட்ஸ் ஒலி ஒரு சென்டிமீட்டர் கடக்கச் சுமார் அரை டெசிபல் இழப்பு. அதிர்வெண்ணாலும் தூரத்தாலும் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 10 டெசிபல் இழப்புக்கும் ஒலியின் வலிமை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 2 செ.மீ. ஆழத்துத் தைராய்டுக்குப் போய்த் திரும்ப 4 செ.மீ.; 10 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 20 டெசிபல். நூறில் ஒரு பங்கு மிஞ்சும், போதும். கல்லீரலில் 10 செ.மீ. ஆழம் என்றால் 100 டெசிபல். ஆழம் ஐந்து மடங்கு, டெசிபலும் ஐந்து மடங்கு. பார்க்கச் சாதுவான கணக்கு. டெசிபல் மடக்கை அளவு என்பதை மறந்தவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். மிஞ்சுவது ஆயிரம் கோடியில் ஒரு பங்கு! 3.5 மெகாஹெர்ட்ஸில் அதே ஆழத்துக்கு இழப்பு 35 டெசிபல்தான். ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு திரும்பிவரும்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினக் கடற்கரையிலிருந்து நடந்து திரும்பியிருப்பீர்கள். தள்ளி வர வர நாதசுரம் கரைந்து, தவிலின் தொப்பிப் பக்கத்து ஓசைதானே கடைசிவரை காதுக்கு எட்டும்? காற்றும் உயர்ந்த சுரத்தைத்தான் முதலில் தின்கிறது.

கைக்குழந்தையின் வயிற்றுக்கு உயர் அதிர்வெண் புரோப்பையே வைக்கலாம். அங்கே எல்லாம் சில சென்டிமீட்டரில் முடிந்துவிடும்.

அன்று மூத்த மருத்துவர் வந்து புரோப்பை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. காலி ஜெல் பாட்டிலை மட்டும் ஒருமுறை பார்த்தார்.