மண்டப அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, வணக்கம். குடியாத்தத்தில் சின்னதாகத் தறி வைத்துப் பிழைக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்து, காட்பாடியில் ஒரு மண்டபத்தை மாசி மாதமே பிடித்தோம். வாடகை 1,80,000 ரூபாய். அட்வான்ஸ் 90,000, அதில் 60,000 ஜிபேயில் அனுப்பினேன், 30,000 ரொக்கம். ரசீது என் மைத்துனர் பெயரில் இருக்கிறது. வைகாசியில் மாப்பிள்ளையின் தாத்தா காலமாகிவிட்டதால் கல்யாணத்தைத் தள்ளிவைத்தோம். அன்றே மண்டபத்துக்கு போனில் சொல்லி, வாட்ஸ்அப்பிலும் அனுப்பினோம். அதே தேதிக்கு மண்டபத்தை வேறு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்தக் கல்யாணப் பத்திரிகை எங்கள் தெருவுக்கே வந்தது. இப்போது பணத்தைக் கேட்டால், ரசீதில் 'அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். போலீஸில் புகார் கொடுக்கலாமா? தையில் கல்யாணம் வைத்திருக்கிறோம். வேறு மண்டபம் பார்க்கிறோம். இந்த முறை எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அந்தப் பணத்தைக் கைகழுவிவிடாதீர்கள். ரசீதில் அச்சடித்த வரி மட்டும் இதற்கு முடிவு சொல்லிவிடாது. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது தெருவுக்கு வந்த அந்தப் பத்திரிகைதான். அதில் ஒரு பிரதியை வாங்கி, இன்றே பத்திரப்படுத்துங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால் மற்றவர் இவ்வளவு பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் அவருக்குக் கிடைக்கும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. எழுதி வைத்தது உச்சவரம்பு மட்டுமே. முழுவதையும் வைத்துக்கொள்ள அது தானாக உரிமை தராது. கைலாஷ் நாத் அசோசியேட்ஸுக்கும் டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்கும் இடையிலான வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: நஷ்டமே இல்லாதவர் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது. உங்கள் தேதியில் மண்டபம் காலியாகக் கிடக்கவில்லை. அதே வாடகைக்கு வேறொருவர் எடுத்திருந்தால் உரிமையாளருக்கு என்ன நஷ்டம்? குறைந்த வாடகைக்கு விட்டிருந்தால் வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளட்டும், அது நியாயம். முழு 90,000-ஐ வைத்துக்கொள்வது நியாயமில்லை.

இங்கே பலர் வாதத்தை வேறு திசையில் கொண்டுபோய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். "வீட்டில் சாவு விழுந்துவிட்டது, கல்யாணம் நடத்தவே முடியாது, அதனால் ஒப்பந்தம் செல்லாது" என்று வாதாடத் தோன்றும். அது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு. கொரோனா ஊரடங்கில் அரசே மண்டபங்களை மூடச் சொன்னபோது அந்த வாதத்துக்கு இடமிருந்தது. உங்கள் விஷயத்தில் சம்பிரதாயப்படி கல்யாணத்தைத் தள்ளிவைத்தது சரியான முடிவுதான். ஆனால் சட்டம் அதை 'நடத்தவே முடியாத நிலை' என்று எடுத்துக்கொள்வது கடினம். அதனால் பணத்தைத் திருப்பிக் கேட்டு உரிமையாளருக்கு அனுப்பும் நோட்டீஸைத் துக்கத்தை மையமாக வைத்து எழுதாதீர்கள். "மூன்று மாதம் முன்பே சொன்னோம், நீங்கள் வேறொருவருக்கு விட்டுப் பணமும் வாங்கிவிட்டீர்கள்" என்பதை மையமாக வையுங்கள்.

போலீஸ் வேண்டாம் என்பது என் கருத்து. மோசடி என்று சொல்ல, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. ஸ்டேஷனுக்குப் போனால் மனு ரசீது ஒன்று கொடுத்து, "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். அலைச்சல்தான் மிஞ்சும்.

நீங்கள் போக வேண்டிய இடம் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மண்டபமும் உங்கள் வீடும் இதே மாவட்டத்தில் இருப்பதால் எல்லைப் பிரச்சினை இல்லை. (மண்டபம் ராணிப்பேட்டையிலோ சென்னையிலோ இருந்திருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் போடலாம்.) கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். சில உரிமையாளர்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுவார்கள்.

ரசீது மைத்துனர் பெயரில் இருப்பதைப் பற்றிப் பயப்படாதீர்கள். பணம் கொடுத்தவரும் நுகர்வோர், அவர் சம்மதத்தோடு சேவையைப் பெறுபவரும் நுகர்வோர். உங்களையும் மைத்துனரையும் சேர்த்தே மனுதாரர்களாகப் போடுங்கள். ஜிபே பணத்துக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, வங்கி ஸ்டேட்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவில், இப்படிப்பட்ட மின்னணுப் பதிவுகளுக்கென்று ஒரு சான்று இருக்கிறது. செய்திகளின் அச்சுப்படியோடு அதையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். மண்டபத்தின் புக்கிங் பதிவேடு உங்கள் கையில் இல்லையே என்ற கவலை வேண்டாம். அதைக் கொண்டுவரச் சொல்லி உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, மனுவிலேயே கேளுங்கள்.

ரசீதில் உள்ள அந்த வரியையே ரத்து செய்ய வேண்டும் என்று கேட்கலாமா என்று யாராவது யோசனை சொல்லலாம். நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு தனிப் பிரிவு 2019 சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வகைப் புகாரைச் சென்னையில் உள்ள மாநில ஆணையம்தான் விசாரிக்கும். 90,000 ரூபாய்க்கு அந்த வழி தேவையில்லை. சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற அடிப்படையில் பணத்தைத் திருப்பிக் கேட்டாலே போதும்.

உரிமையாளர் சமாதானத்துக்கு வந்து, "தையில் எங்கள் மண்டபத்துக்கே வாருங்கள், அட்வான்ஸைக் கழித்துக்கொள்கிறோம்" என்றால்? மண்டபம் உங்களுக்கு ஒத்துவந்தால் ஒப்புக்கொள்வதில் தப்பில்லை. முழு 90,000-ஐயும் கழிக்கிறார்களா, தேதி என்ன, வாடகை என்ன என்று புதிதாக எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பி நோட்டீஸை நிறுத்தாதீர்கள்.

இனி, தை முகூர்த்தத்துக்குப் பார்க்கும் புது மண்டபம். மண்டபம் பார்க்கப் போகும்போது எல்லோரும் மேடையையும் விளக்கையும் பார்க்கிறார்கள். நான் முதலில் ரசீதைக் கேட்பேன். வெற்று ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் காட்டச் சொல்லுங்கள், பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று உட்கார்ந்து படியுங்கள். 'திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பேனாவால் அடிக்கச் சொல்லி, "60 நாள் முன்பே சொன்னால் முழுத் தொகையும், தேதி மறுபடி வாடகைக்குப் போனால் எப்போது சொன்னாலும் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மேனேஜர் மறுத்தால் உரிமையாளரிடம் பேசுங்கள். முகூர்த்த நாள் நெருங்கும்போது பேரம் பேச முடியாது. அட்வான்ஸ் உங்கள் கையில் இருக்கும் வரைதான் உங்கள் சொல்லுக்கு மதிப்பு.

நேரத்தை எழுதி வாங்குங்கள். முன்தினம் எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், மறுநாள் எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதில்தான் கல்யாண வீடுகளில் கடைசி நேரச் சண்டை அதிகம் வருகிறது. ஜெனரேட்டருக்கு டீசல் யார் செலவு, மின்சாரம் மீட்டர்படியா மொத்தமாகவா, க்ளீனிங் சார்ஜ் எவ்வளவு, சமையல் காண்ட்ராக்டரை நீங்களே வைத்துக்கொள்ளலாமா அல்லது அவர்கள் சொல்பவரைத்தான் வைக்க வேண்டுமா என்பதும் அதே தாளில் வர வேண்டும். தையில் வேலூரின் காலைக் குளிருக்கு ஏசி அவசியமில்லை. ஏசி இல்லாமல் வாடகை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

அறைகளின் எண்ணிக்கையை வேலூர்க்காரர்கள் கட்டாயம் எழுதி வாங்க வேண்டும். வெளியூர் உறவினர்களுக்கு லாட்ஜ் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், சிஎம்சிக்கு வரும் நோயாளிகளின் குடும்பங்களோடு போட்டி போட்டுத்தான் அறை தேட வேண்டியிருக்கும். மண்டபத்தில் எட்டு அறை என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு இரண்டைப் பூட்டி வைத்தால் உங்கள் சம்பந்தி வீட்டார் எங்கே தங்குவார்கள்?

விடியற்காலை முகூர்த்தமா? அப்படியானால் இதையும் கவனியுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ கூடாது. திறந்த புல்வெளியில் வரவேற்பு வைத்தால் 10 மணிக்குக் கச்சேரி நிற்க வேண்டும்; மண்டபத்துக்குள் மேளம் வாசிக்கத் தடையில்லை.

அப்புறம், பாதுகாப்பு. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. பொதுக் கட்டட உரிமச் சட்டம், 1965-இன் கீழ் வட்டாட்சியர் தரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பந்தி நடக்கும் மாடியிலிருந்து இறங்க இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா, அது பாத்திரம் அடுக்கி அடைபட்டுக் கிடக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள்.

18% ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்டால் ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள். பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கக் கூடாது. கோயில் வளாகத்து மண்டபமாக இருந்து, ஒரு நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அந்த வரி இல்லை.

இதைப் படிக்கும் தொழில் நிறுவனத்தாருக்கு ஒரு வார்த்தை. வியாபார நோக்கத்துக்காக மாநாட்டுக் கூடம் எடுப்பவர்களை நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் ஏற்காது. சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 74-ஆவது பிரிவு அங்கேயும் பொருந்தும்.

உங்கள் நோட்டீஸில் 15 நாள் கெடு கொடுங்கள். ஸ்பீடு போஸ்டில் உரிமையாளர் பெயருக்கும் மண்டபத்தின் பெயருக்கும் தனித்தனியாக அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். பணம் தர மறுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போடலாம், அதனால் கல்யாண வேலைகளை விட்டுவிட்டு ஆணையத்துக்கு ஓட வேண்டாம். மகள் கல்யாணத்தை நல்லபடியாக முடித்துவிட்டு மாசியில் தாக்கல் செய்யுங்கள். நோட்டீஸை மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.